படகுப் பலகைக்கு எந்தப் பூச்சு

ஏப்ரல் 7, திங்கள்

பலகைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. உட்காரும் பலகை இரண்டு, துடுப்பு இரண்டு, சுக்கான் ஒன்று. படகின் உடம்பு ஃபைபர். அது ஏரிக்கரையில் கவிழ்ந்தபடி கிடக்கட்டும். மரமாக இருந்ததை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து ஷெட்டில் அடுக்கியிருக்கிறேன். பழைய பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே அசல் தேக்கு. துடுப்புகள் மட்டும் சில்வர் ஓக்.

ஏலத்தில் எடுத்த பழைய படகு. ஓய்வு பெற்றதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என் மனைவி ரூபாவதி இந்தக் கொடைக்கானலுக்கு வாழ வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள்கூட ஏரிப் படகில் ஏறியதில்லை. கேட்டால், "ஊர்க்காரங்க யாருங்க போட்ல போறா? அது டூரிஸ்ட்காரங்களுக்கு" என்பாள். நானும் அந்த டூரிஸ்டுகளை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவந்து இறக்கியதோடு சரி. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டி இருக்கிறது, தம்பதியர் பிரிவும் இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று முழுக்கப் பனி. ஏப்ரலில் இப்படி ஒரு பனியை நான் கண்டதில்லை. ஏரியின் அக்கரை இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தது.

ரூபா மறுபடியும் மதுரைக் கண்ணாஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள். பனி விலகட்டும், பலகை வேலை முடியட்டும், போகலாம் என்றேன். அரசாங்க பஸ் ஓட்டிய கண் இது. பனிக்குள் மாட்டின் கொம்பை மட்டும் பார்த்து பிரேக் போட்ட கண். அதற்குப் போய் ஆஸ்பத்திரியா?

ஏப்ரல் 9, புதன்

பஜாரில் சாகுல் பாய் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தண்ணீரிலும் வெயிலிலும் கிடக்கிற மரத்துக்கு என்ன பூசலாம் என்று கேட்டேன். மூன்று டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது படகு வார்னிஷ். இது பி.யு., பாலியூரித்தேன். இது லின்சீட் ஆயில், நம்ம ஆளிவிதை எண்ணெய். முத ரெண்டும் மரத்துக்கு மேல கண்ணாடி போட்ட மாதிரி நிக்கும். எண்ணெய் உள்ள போயிரும், மேல ஒண்ணும் தெரியாது. ஷைனிங்கும் கெடையாது. வருஷா வருஷம் பூசணும்."

"எதுண்ணே நல்லா இருக்கும்?"

"நீங்க அதுல உக்காரப் போறீங்களா, இல்ல பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

பார்த்துக்கொண்டேதான் இருக்கப் போகிறேன் என்றேன். டிப்போவில் புதுசாகப் பெயிண்ட் அடித்து வெளியே வரும் பஸ்ஸைப் போல மினுங்க வேண்டும். அதில்லாமல் எதற்குப் படகு? மூன்றிலும் சின்ன டப்பா வாங்கிக்கொண்டேன். துண்டுப் பலகை ஒன்றை நூல் கட்டி மூன்றாகப் பிரித்து, பங்குக்கு ஒன்றாக மூன்றையும் பூசி, பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பனியும் வெயிலும் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

ஏப்ரல் 12, சனி

இரண்டும் ஏமாற்றிவிட்டன. வார்னிஷ் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. பி.யு.வும் அப்படியே. மர ரேகை ஏதோ துணிக்கு அடியில் இருப்பது போலத் தெரிகிறது. ஈரக் காற்றில் பூசினால் வார்னிஷ் வெளுக்கும் என்று டிப்போ பெயிண்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பனிக்காலத்து வேலையில் இதுதான் தொல்லை.

ரூபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளுத்திருக்குல்ல?"

"ஆமாங்க... பனிதான் போல" என்றாள்.

அதற்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று புரியவில்லை. சாயங்காலம் பார்த்தால், வாசற்படி விளிம்புக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். ஈஸ்டர் வருகிறது, சுத்தம் செய்கிறாள் போலிருக்கிறது. படி மட்டும் வெள்ளையாக நிற்கிறது, சுவரைக் காணோம். இவள் வேலையே இப்படித்தான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சர்ச் வேனில் பெருமாள்மலை வரை கூட்டிப்போய் வந்தேன். சர்ச் வேனுக்கு நான்தான் ஆஸ்தான டிரைவர். வழக்கமாகப் பின்னால் பிள்ளைகளோடு உட்காரும் ரூபா இன்று என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். போகும்போது ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது ஒரே பேச்சு.

"அந்தா பாருங்க, ஒரு செவலை மாடு ரோட்டுலயே நிக்குது. பாவம், கன்னுக்குட்டி வேற." "அய்யோ, அந்த பைக்குக்காரன் சட்டை நல்லா இருக்குல்ல? இந்தப் பக்கமா வர்றான் பாருங்க." "வளைவுல லாரி ஒண்ணு ஏறுது, எம்மாம் பெருசு!"

முப்பது வருடத்தில் எந்த கண்டக்டரும் இப்படித் தொணதொணத்ததில்லை. ஊத்து கிராமத்துப் பக்கம் ஒருவன் காரை நிறுத்தி, "யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டுப் போனான். சமவெளிக்காரன். பனியில் ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் மலைக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரூபா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டாள்.

எட்வின் பாஸ்டர் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார். மே ஒன்றாம் தேதி ஜெமிமாவுக்கு வத்தலக்குண்டில் கல்யாணம். பாட்டுக்குழுவில் பாடுகிற பெண். பெண் வீட்டாரையும் பாட்டுக்குழுவையும் வேனில் நான்தான் இறக்கிக் கூட்டிப்போக வேண்டும். "மலை எறக்கம், பனி வேற சொல்ல முடியாது. நீங்க இருந்தா எங்களுக்குத் தைரியம்" என்றார். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரூபா: "அந்தக் கல்யாண வேனுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்களேன்."

நான்: "எதுக்கு?"

அவள் துவைத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட துணி மதியத்துக்குள் மொரமொரவென்று காய்ந்திருக்கிறது. இந்தப் பனியில் எப்படிக் காய்ந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இடது புருவத்துக்கு மேல் வலி. சைனஸ்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. இன்று கண்டதை எப்படி எழுதுவது? எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும். வானவில்லைச் சின்னதாகச் சுருட்டி ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் மாட்டிவிட்டது போல இருந்தது. பாட்டு பாட மறந்து நின்றேன். ஜெமிமா பாடிக்கொண்டே போனாள், அவளோடு ஒரு வட்டமும் போனது. இத்தனை வருட ஈஸ்டரில் ஒரு தடவைகூட எனக்கு இந்தக் காட்சி கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரூபாவிடம் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்சுதா, ஒவ்வொரு வெளிச்சத்தைச் சுத்தியும்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் கையைப் பிடிக்கிற ஜாதி இல்லை அவள். வீடு வரும்வரை விடவில்லை. நல்ல நாள்.

ஏப்ரல் 23, புதன்

முடிவாகிவிட்டது, வார்னிஷ்தான். வெளுத்தாலும் பரவாயில்லை, நாள் போனால் தெளியும். சாகுல் பாயிடம் வேறு கம்பெனி டப்பா கேட்டு வாங்கிவந்தேன். போன டப்பா கலப்படம் என்று சொன்னதற்கு, நான் காட்டிய துண்டுப் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணாடியாட்டம் இருக்குண்ணே" என்றார். வியாபாரி வேறென்ன சொல்வார்?

மதியம் முழுக்க உப்புத்தாள் போட்டேன். முதலில் சொரசொரப்பு, பிறகு நைசு. மரத்தூள் காற்றில் மிதந்துகொண்டே இருந்தது, கீழே இறங்கவே இல்லை. அந்தத் தூளும் பனியும் ஷெட் வாசலில் கலந்து நின்றன. உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. கனவில் படகு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை, ரோடும் இல்லை, வெறும் வெள்ளை. வளைவே வரவில்லை. என் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம்.

ஏப்ரல் 26, சனி

முதல் கோட் முடிந்தது. ஒரே இழுப்பில் பிரஷ்ஷை ஓட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் கோடு விழும். அது ஸ்டியரிங் பிடித்த கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துடுப்பில் கை பிடிக்கிற இடத்துக்கு மட்டும் வார்னிஷ் கூடாதாம், உள்ளங்கை கொப்பளித்துவிடுமாம். அந்த இடத்துக்கு ஒட்டுத்தாள் சுற்றிவிட்டேன்.

ரூபாவிடம் போட்டி விஷயத்தைச் சொன்னேன். நான் துடுப்புப் போட வேண்டும், அவள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கயிறு பிடிக்க வேண்டும். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவான் என்பதையும் சொன்னேன்.

"அப்ப முன்னால பாக்குறது யாரு?"

"நீதான்."

"நான் சொன்னா கேப்பீங்களா?"

நன்றாகக் கேட்டாள் கேள்வி. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கையால் தடவினால் கண்ணாடி. கண்ணால் பார்த்தால் பால். சர்ச் வாசலில் ஒரு டூரிஸ்ட் குடும்பம் கறுப்புக் கண்ணாடி பேரம் பேசிக்கொண்டிருந்தது. பனிக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று அவர்களிடம் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். இந்த டைரியின் கோடுகளை மங்கலாக அச்சடித்துவிட்டான் என்று ஜனவரியிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலையில் இரண்டாவது கோட் பூசி முடித்துவிட்டு பஜாருக்குப் போனேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் காய்ந்ததா என்று பார்க்க ஷெட்டுக்குப் போனேன். முதல் பலகையை விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது. இன்னும் இடது பக்கமாக விரலை நகர்த்தினேன். ஒட்டியது. ஒரு சாண் அகலத்துக்கு நுனி முழுக்கப் பிசுபிசுப்பு. இரண்டாவது பலகையிலும் அதே இடம். ஒரே டப்பா, ஒரே பிரஷ், ஒரே நேரம். பாதி காய்ந்து பாதி காயாமல் இருக்குமா? யாரோ எனக்குப் பின்னால் பூசியிருக்கிறார்கள்.

திரும்பினால் ரூபா நிற்கிறாள். கையில் என் பிரஷ்.

"நீ எதுக்குத் தொட்ட?" கத்திவிட்டேன். "நான் பூசுனதுல என்ன குறை?"

"பூசுனதுல ஒண்ணும் குறை இல்லங்க. நீங்க விட்டதத்தான் பூசுனேன்."

"எங்க விட்டேன்?"

அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அவள் இன்னும் தொட்டிராத இரண்டாவது துடுப்பின் தட்டையான அலகில் வைத்தாள். விரலை மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். வழவழப்பு. வழவழப்பு. பிறகு சொரசொரவென்று வெறும் மரம். இன்னும் இழுத்தாள். வெறும் மரம்தான். நான் உற்றுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பினால்தான் அந்த இடமே என் கண்ணுக்கு வந்தது. அதுவரை அங்கே துடுப்பு முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறேன்.

"போன கோட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமா."

"வார்னிஷ் வெளுத்திருக்கே, அது?"

"கண்ணாடியாட்டம் இருக்குங்க."

கேட்கக்கூடாது என்று தோன்றியது. கேட்டேன். "பனி?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பனி இல்லங்க. நீங்க சொல்ற நாளெல்லாம் வெயில்தான் அடிக்குது. எத்தன தடவ மதுரைக்குக் கூப்புட்டேன்? முந்தாநாத்துகூட டாக்டர்கிட்ட போன்ல பேசி வச்சிருக்கேன். ஒங்ககிட்ட நேருக்கு நேரா எப்படிச் சொல்றது? கண்ணத் தவிர வேற எதப் பத்திப் பெருமையா பேசியிருக்கீங்க நீங்க?"

ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் கிடக்கிற, கைக்கு எட்டுகிற பலகையிலேயே ஒரு சாணைக் காணவில்லை என்றால், ரோட்டில் எத்தனை சாண்? குருத்தோலை ஞாயிறு அன்று அந்த இடது பக்கத்தில் என்னவெல்லாம் இருந்ததோ? செவலை மாடு, பைக்குக்காரன், லாரி. நான் எதையும் பார்க்கவில்லை. ரூபா சொல்லச்சொல்ல ஓட்டியிருக்கிறேன். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள்.

நாளை மறுநாள் கல்யாண வேன்.

ஏப்ரல் 30, புதன்

பாஸ்டர் வீட்டுக்கு நடந்தே போனேன். ரூபா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். வழியில் வெயில் முதுகில் சுட்டது. வெயில் என்று தெரிந்துகொண்டு நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. கண்ணுக்குப் பனி, முதுகுக்கு வெயில்.

அங்கே ஜெமிமாவின் அப்பாவும் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணே, ஒங்களப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம். ஒங்கள நம்பித்தான் எல்லாரையும் ஏத்துறேன்" என்றார். சைனஸ் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். காய்ச்சல் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பெருமையும் தப்பிக்கும்.

சாவியை மேஜையில் வைத்தேன். "எனக்குக் கண் தெரியல பாஸ்டர்" என்றேன்.

பாஸ்டர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். நான் எதிர்பார்த்தது அதுதான், ஆனால் அதைத் தாங்கத்தான் முடியவில்லை. ஜெமிமாவின் அப்பாவுடைய சின்ன மகளும் அன்றைக்குப் பெருமாள்மலை வேனில் வந்தவள். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியவில்லை, தெரியாததே நல்லது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போயி மொதல்ல கண்ணப் பாருங்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

மே 1, வியாழன்

வேன் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. செகண்ட் கியரில் போக வேண்டிய வளைவில் புது டிரைவர் தேர்டில் போகிறான். திட்டினேன். பிறகு, பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று முழங்காலில் நின்றேன்.

மே 3, சனி

மதுரை. என் பழைய ரூட் பஸ்ஸிலேயே பயணியாகப் போனேன். டிரைவர் தெரிந்த பையன்தான். "முன்னால வந்து உக்காருங்கண்ணே" என்றான். வேண்டாம் என்று ரூபாவோடு நடு சீட்டில் உட்கார்ந்தேன். ஜன்னலோரத்தில் அவள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் உடம்பால் எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுவிட்டு உட்காரவைத்தார்கள். வெளிச்சம் எல்லாம் பெரிது பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மனிதர்கள் வெள்ளையாகப் போய் வந்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"ரெண்டு பிரச்சனை இருக்குய்யா. புரை இருக்கு. அத ஆபரேஷன் பண்ணி எடுத்துறலாம், நீங்க சொல்ற பனி கொஞ்சம் விலகும். இன்னொண்ணு கண் அழுத்தம். விளக்கச் சுத்தி கலர் கலரா வட்டம் தெரிஞ்சதுன்னீங்கல்ல, அதான். அதுல இடது பக்கம் போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்த லேசரும் சொட்டு மருந்தும். மருந்து ஆயுசுக்கும் விடணும். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்."

ஈஸ்டர் அன்று நான் பார்த்த வட்டங்களை நினைத்தேன். என் கண் அணைந்துகொண்டிருந்த வெளிச்சத்தைப் போய்ப் பாக்கியம் என்று நினைத்து நின்றிருக்கிறேன். ஆனால் அழகாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று எழுத மாட்டேன்.

"வண்டி ஓட்டலாமா?"

"கூடாது."

"படகு?"

டாக்டர் ரூபாவைப் பார்த்தாள். ரூபா, "இவரு துடுப்புப் போடுவாரு டாக்டர். வழி பாக்குறது நானு" என்றாள்.

"அப்ப தாராளமா போங்க. ஆனா இவங்க சொல்றதக் கேக்கணும்" என்றாள் டாக்டர். முதல் தடவையாக ரூபா என்னைப் பார்த்து ஜெயித்த மாதிரி சிரித்தாள். சிரித்திருப்பாள், சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

மே 6, செவ்வாய்

இரண்டு கோட் வார்னிஷையும் உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டேன். ரூபா, "நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. தெரியாத அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாகுல் பாயிடம் எண்ணெய் கேட்டேன். அவர் நம்பவில்லை.

"ஷைனிங்தான் வேணும்னீங்களேண்ணே!"

"இப்ப உக்காரத்தான் போறேன்."

டப்பாவைக் கொடுத்துவிட்டு, பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும், விரித்துக் கொடியில் காயப்போடுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். கூட வந்த ரூபாவிடம் தனியாக இன்னொரு தரம் சொன்னார்.

மே 9, வெள்ளி

காலை எட்டு மணிக்குச் சொட்டு மருந்து. ரூபாதான் விட்டாள், பாதி கன்னத்தில். பிறகு ஷெட்டுக்குப் போனோம்.

எண்ணெய்க்குப் பிரஷ் வேண்டாம். துணியை அதில் நனைத்துத் தடவி, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சூடாகிறது, மரம் குடிக்கிறது. குடித்த இடம் கைக்கு ஒரு மாதிரி இருக்கிறது, குடிக்காத இடம் வேறு மாதிரி. காய்ந்த இடம் வந்தால் கை தானாக நின்றுவிடுகிறது. ஒரு சாண் என்ன, ஒரு விரற்கடை கூடத் தப்பாது. பளபளப்பு இல்லைதான். ஈரத் துணியைத் தொட்டது போல ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். மரத்தின் ரேகை விரலுக்குக் கீழே ஓடுவதை உணர முடிகிறது. வார்னிஷுக்கு அடியில் இது எங்கே கிடைத்தது?

பலகைக்கு அந்தப் பக்கம் ரூபா, இந்தப் பக்கம் நான். அவள் தன் வலது நுனியிலிருந்து, எனக்கு அது இடது, தேய்த்து வந்தாள். போட்டியில் ஜெயிக்க மாட்டோம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது, எனக்குக் கண் தெரியாது. ஏரியின் நடுவில் போய்ச் சண்டை போடாமல் இருந்தால் அதுவே பரிசு என்றாள். கயிறு எப்படிப் பிடிப்பது, எப்போது இடது சொல்வது, எப்போது வலது சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே, இன்னும் எண்ணெய் விட்டு, இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனேன். வலது பக்கம், நடு, இன்னும் கொஞ்சம் அங்கே.

"ஏங்க" என்றாள். "அது பலகை இல்ல. என் கை."

"தெரியும்" என்றேன்.